சிவப்பில் இரண்டு வகை

லேடிலின் வயிற்றில் ஒரு சிவப்புப் பொட்டு.

அவன் கிரேனை நிறுத்தினான்.

பிற்பகல் இரண்டரை. இருபதடி உயரத்தில், கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் அவன் மட்டும். எதிரே கொக்கியில் தொங்கும் லேடில் என்ற பெரிய வாளிக்குள் இரண்டு டன் உருகிய இரும்பு. கீழே, மணல் அச்சுகளுக்கு நடுவே, ஆறு பேர்.

லேடிலின் வெளித்தகடு கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். எப்போதும்.

வாக்கி டாக்கி கரகரத்தது. குழந்தைவேல். லேடிலுக்குச் சற்று முன்னால் நின்று கையாட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

“என்றா மாப்ள, நின்னுட்டே? அந்தச் செவப்பப் பாத்தா? நீதானடா சொன்னே, செவப்பு நட்சத்திரம்னா சூடு கம்மின்னு. வா, வா. இரும்பு ஆறீரும்.”

மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள்.

சொன்னது அவன்தான். முந்தாநாள், டீ நேரத்தில். இயற்பியலை இரண்டாம் வருடத்தில் விட்டவனிடம் அந்த ஒரு பாடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்பு நட்சத்திரம் மூவாயிரம் டிகிரி. மஞ்சள், நம் சூரியன், ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. வெள்ளை பத்தாயிரம். நீலம் முப்பதாயிரம்.

சிவப்புக் குள்ளன் என்கிற சின்ன நட்சத்திரம் கஞ்சன். அடக்கி எரியும். சூரியன் தீர்ந்த பிறகும் இருக்கும்.

கஞ்சன் என்றதும் குழந்தைவேல் அதற்கு மேஸ்திரியின் பெயரை வைத்துவிட்டான்.

அதற்குள் சங்கு ஊதிவிட்டது. மிச்சத்தை அவன் சொல்லவில்லை.

சிவப்பில் இன்னொன்று உண்டு. ராட்சதன். அதே நிறம், ஏறக்குறைய அதே மூவாயிரம். ஆனால் அடங்கிய சிவப்பு இல்லை. உள்ளே தீர்ந்து, மேல்தோல் ஊதி, முடிவை நெருங்கிவிட்ட சிவப்பு.

தகடு சிவந்தால், சூட்டைத் தடுக்கும் உள்பூச்சு போய்விட்டது. இரும்பு தகட்டைத் தொட்டுவிட்டது. இனி எந்த நொடியும் துளைத்துக்கொண்டு வெளியே பாயும்.

பொத்தானை அழுத்திக் கத்தினான். “ஓடுங்கடா!”

போய்ச் சேரவில்லை. குழந்தைவேல் தன் பொத்தானை விடாமல் சிரித்துக்கொண்டிருந்தான். ஒருவர் பிடித்திருந்தால் மற்றவர் குரல் போகாது.

முன்னால் நகர்த்தினால் நான்கு தலைகள். பின்னால் இரண்டு. இறக்கினால் ஈர மணல். அதில் இரும்பு கொட்டினால் வெடிக்கும்.

ஹாரன் மிச்சம்.

உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான்.

இந்தப் பட்டறையில் ஹாரனுக்கு ஒரே அர்த்தம். லேடில் வருகிறது, அண்ணாந்து பார்.

ஆறு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

பொட்டு மஞ்சளாகியிருந்தது.

அவன் கூண்டுக் கண்ணாடியில் அறைந்தான். இரண்டு கைகளாலும் காற்றைத் தள்ளினான். போ. போ.

குழந்தைவேலின் சிரிப்பு நின்றது. இரண்டடி முன்னால் வந்தான். அங்கிருந்தும் சரியாகத் தெரியவில்லை போலும்.

நெருப்புப் படாமல் முகத்தை மூடியிருந்த கண்ணாடியை மேலே தூக்கினான்.