ஏழாம் நம்பர் ரத்தம்

"மாத்திரையே போடாத ஆளோட ரத்தத்துல அந்த என்சைம் எப்படிம்மா துள்ளும்?" ஆய்வுக்கூடத் தலைவர் மேசையைத் தட்டினார். "குழாயை மாத்தி வச்சுட்டே. ஒத்துக்கோ."

டெக்னீஷியன் பெண் முடிவுத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். சர்க்கரை மாத்திரை ஒரு என்சைமைத் தட்டி எழுப்பி, இன்சுலின் பேச்சைக் கேட்காத செல்களை எப்படி வழிக்குக் கொண்டுவருகிறது என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, சர்க்கரை இல்லை என்று சொன்ன ஊழியர்கள் எல்லோரும் ரத்தம் கொடுத்திருந்தார்கள். குழாய்களில் பெயர் கிடையாது, வெறும் எண்தான்; எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தலைவரிடம் மட்டும் இருந்தது.

"திருப்பித் திருப்பிப் பார்த்துட்டேன் சார். ஏழாம் நம்பர்ல மாத்திரை வேலை செஞ்சிருக்கு."

"அப்போ நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டாம்."

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"அந்த ஆளு சர்க்கரையை மறைச்சுக்கிட்டு மாத்திரை போடறார் சார். என்னை அனுப்பறதுக்கு முன்னாடி அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்க."

தலைவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தன் மேசை இழுப்பறையைத் திறந்து, பாதி காலியான மாத்திரை அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"கேட்டுட்டேன்" என்றார், தலை நிமிராமல். "ஆமாங்கறார்."