மயிலின் எடை

"இந்தப் பக்கத்தை ஒரு மணி நேரம் பார்த்தா மஞ்சக் காமாலையே வந்துடும் மாமா," என்றான் மகேஷ்.

கம்ப்யூட்டரில் 'நம்ம ஊரு முகங்கள்' தளம் மெல்லத் திறந்துகொண்டிருந்தது. ரத்தச் சிவப்பில் மஞ்சள் எழுத்துகள், நாலு மூலையிலும் மினுக்கும் குத்துவிளக்கு, நடுவில் தோகை விரித்த மயில். மயில் முழுசாக வந்து சேர்ந்ததும் மங்கள வாத்தியம் வேறு முழங்கும்.

அரியலூர் கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த வீரமணி, 'வெள்ளைக்காரன்தான் ஆளுக்கு ஆள் சினேகம் பிடிச்சுக் குடுக்கணுமா?' என்ற ரோஷத்தில் 2006-ல் ஆரம்பித்த தளம் அது. உள்ளூர்க்காரர்கள் அதில் போட்டோ போடலாம், நண்பர்களைச் சேர்க்கலாம், சேதி எழுதலாம். திருமானூரிலிருந்தும் விக்கிரமங்கலத்திலிருந்தும் காலேஜ் பிள்ளைகள் பஸ் ஏறி வந்தார்கள். சென்டரில் நாற்காலி கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது.

"காமாலை வந்தா வரட்டும். கூட்டம் வருதுல்ல? எல்லாம் மயில் ராசி," என்றார் வீரமணி.

"அழகா பண்ணுனா இன்னும் வரும் மாமா. மெட்ராஸ்ல டிசைன் படிச்சவன் சொல்றேன், கேளுங்க."

மகேஷ் அவருடைய அக்கா மகன். மகள் மஞ்சுவுக்கு முறை மாப்பிள்ளை. வீரமணி யோசித்துவிட்டுச் சொன்னார்: "சரி, பண்ணு. கூட்டம் கூடுச்சுன்னா தையில கல்யாணம், சென்டரும் ஒனக்குத்தான். கொறைஞ்சுதுன்னா ரெட்டிபாளையத்துல சிமெண்ட் பாக்டரி வரன் ஒண்ணு கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களை வரச் சொல்லிடுவேன்."

கல்லாவில் இருந்த மஞ்சு நிமிர்ந்து மகேஷைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவன் ஊரையே புதிதாக டிசைன் செய்து கொடுத்திருப்பான்.

அதற்குள் வீரமணியின் கண் மூலை மேசைக்குப் போய்விட்டது. "ஏம்மா, அந்தத் தம்பிகூட என்ன பேச்சு? சென்டருக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துடாதீங்க. வேலை முடிஞ்சா கெளம்புங்க."

"இன்னும் பக்கமே தொறக்கலைங்க," என்றாள் ஜெயசித்ரா. அவள் திரையில் மயிலுக்குத் தலை மட்டும்தான் வந்திருந்தது. பக்கத்து மேசைப் பஞ்சநாதனின் திரையில் அதுவும் இல்லை.

"அப்பச் சரி, உக்காரு," என்று விட்டுவிட்டார். இருக்கிற நெட் லைனின் வேகத்துக்கு வேறு என்ன செய்ய முடியும்?

மகேஷ் ராப்பகலாக உழைத்தான். வெள்ளைப் பின்னணி, மெல்லிய நீலத்தில் ஒரு கோடு, கச்சிதமான எழுத்து. மயில், விளக்கு, வாத்தியம் எல்லாவற்றுக்கும் விடை கொடுத்தான். சொடுக்கிய விரலை எடுப்பதற்குள் பக்கம் வந்து நின்றது.

பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். "கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்குங்க," என்றார்கள். வந்த சேதியைப் படித்தார்கள், பதில் எழுதினார்கள், எழுந்து போனார்கள். அப்புறம் வரவேயில்லை.

நாற்காலிகள் காலியாயின. பக்கத்து டீக்கடை அண்ணாதுரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னெல்லாம் ஆளுக்கு ரெண்டு டீ போகும். இப்ப ஒரு டீ ஆத்துறதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடுறாங்களே," என்று அலுத்துக்கொண்டார்.

"மயிலை வெரட்டுனேல்ல, அதான் கூட்டமும் பறந்துடுச்சு," என்றார் வீரமணி. கூட்டம் குறைந்ததில் வருத்தமாக இருந்தாலும், தன் ரசனை ஜெயித்ததில் அவருக்கு உள்ளூர சந்தோஷம்.

மகேஷ் மானத்தைக் கழற்றி வைத்துவிட்டு, சிவப்பையும் மஞ்சளையும் விளக்குகளையும் திரும்பக் கொண்டுவந்தான். மயிலும் வந்தது. ஆனாலும் படித்த படிப்பு சும்மா விடுமா? "படத்தோட எடையை நல்லா கொறைச்சுட்டேன் மாமா. இப்ப மயிலு வெடுக்குனு வந்து நிக்கும்," என்றான் பெருமையாக.

சொன்னபடியே மயில் வெடுக்கென்று வந்தது. வாத்தியமும் முழங்கியது. கேட்கத்தான் ஆளில்லை.

வீரமணி ரெட்டிபாளையத்துக்குப் போன் போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. கல்லாவில் மஞ்சு அழுது வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவளை நேருக்கு நேர் பார்க்கத் தெம்பில்லாமல் மகேஷ் வெளியே நடந்தான்.

பஸ் ஸ்டாண்டில் விக்கிரமங்கலம் பஸ்சுக்காக ஜெயசித்ரா நின்றிருந்தாள். அவன் நேராக அவளிடமே போனான்.

"ஏம்மா, நீங்கள்லாம் ஏன் சென்டருக்கு வர்றதில்லை? வெள்ளையில போட்டேன், வரலை. பழையபடி மயிலைப் போட்டேன், அப்பவும் வரலை. கலர் புடிக்கலையா, எழுத்து புடிக்கலையா? எதுன்னாலும் சொல்லும்மா, மாத்திடுறேன். என் கல்யாணமே இதுலதான் இருக்கு."

பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில், யாரையுமே தெரியாதவன்போல சுவரொட்டியைப் படித்துக்கொண்டு நின்றிருந்தான் பஞ்சநாதன். அந்தப் பக்கம் திரும்பாமலே அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"மயிலு வர்ற வரைக்குந்தாண்ணா நாங்கள்லாம் பேசிக்க முடிஞ்சுது."