பட்டாம்பூச்சிக்குச் சிவப்பு வட்டம்

“என் தேதியை எழுதி வைக்க நீங்க யாருக்கா?”

புதுப்பொண்ணு போட்ட சத்தத்தில் செருப்புக் கம்பெனியே திரும்பிப் பார்த்தது. கல்யாணமாகி எட்டு மாசம்தான். வாய்க்கு மட்டும் வயசு அதிகம்.

எதிரே நின்றவள் சூப்பர்வைசர் காலண்டர் அக்கா. நாப்கின் அலமாரியின் சாவி அவளிடம்தான். யார் வந்து வாங்கினாலும் அன்றைய தேதியை ஒரு பழைய நோட்டில் குறித்துக்கொள்வாள். அதனால் வந்த பெயர்தான் அது.

“பசை மேசையை விட்டு எழுந்திரு. இன்னைலேர்ந்து உனக்குப் பெட்டி மடிக்கிற வேலை.”

“ஏன், நான் ஒட்டின செருப்பு எதாவது பிஞ்சு வந்துச்சா?”

“சொன்னதைச் செய்யிடி.”

பக்கத்தில் இருந்தவள் காதைக் கடித்தாள். “முழுகாம இருந்த மூணு பேரை ஆபீஸ்ல வீட்டுக்கு அனுப்பினாங்களே, யாரு போட்டுக் கொடுத்ததுன்னு நினைக்கிறே?”

அவ்வளவுதான். புதுப்பொண்ணு நோட்டைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். போகும்போதே புரட்டினாள். பெயர்கள் இல்லை. ஊசி, பொத்தான், குடை என்று படங்கள். ஒரு பட்டாம்பூச்சியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவள் தலையில் இருந்த கிளிப்பும் பட்டாம்பூச்சிதான். தேதியும் அவளுடையதுதான்.

மேனேஜர் மேசையில் நோட்டு பொத்தென்று விழுந்தது.

“பொம்பளைங்க சமாச்சாரத்தை உளவு பார்த்து எழுதறாங்க சார். அவங்களை வெளியே அனுப்புங்க!”

மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

“இதைத்தான்மா ஒரு வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன்! அப்படி ஒரு நோட்டே இல்லைன்னு சாதிச்சுட்டா அந்த அம்மா.”

புதுப்பொண்ணுக்குச் சுருக்கென்றது. தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டாளே!

அவர் முதல் பக்கத்தைச் சத்தமாகப் படித்தார்.

“‘டாக்டரம்மா சொன்னது. நாள் தள்ளி ஒரு வாரத்தில் கருவுக்கு நெஞ்சு துடிக்கும். இரண்டு வாரத்தில் தலையும் முதுகும் மூடும். மூணு வாரத்தில் கையும் காலும் மொட்டு விட்டிருக்கும். அவளுக்கே தெரியாது. பசை நெடி ஆகாது. நாள் தள்ளினால் உடனே மேசையை மாற்று. சொல்லி ஆசை காட்டாதே, கரு இல்லையென்று ஆகிவிட்டால் தாங்க மாட்டாள். ஆபீஸுக்கு மூச்சு விடாதே.’ ஓகோ! மூச்சு விடக் கூடாதாமே!”

புதுப்பொண்ணின் கை தானாக வயிற்றுக்குப் போனது. நாலு நாள் தள்ளிப் போயிருப்பதை அவள் கவனிக்கவே இல்லை.

மேனேஜர் நோட்டிலிருந்து தலை தூக்காமல் பக்கங்களைத் தள்ளினார். “லீவு, பிரசவம்னு வந்து நிக்கிறதுக்கு முன்னாலயே கணக்குத் தீர்த்து அனுப்பிடணும். இதையெல்லாம் முளையிலேயே கிள்ளணும். ஆமா, இந்தச் சிவப்பு வட்டம், பட்டாம்பூச்சி... யாரும்மா இது?”

வயிற்றிலிருந்த கை சட்டென்று தலைக்குப் போனது. கிளிப் உள்ளங்கைக்குள் மறைந்தது.

“நான்தான் சார்.”

வாசலில் காலண்டர் அக்கா. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

“என்ன விளையாட்டு இது? அடுத்த வருஷம் உனக்கு ரிடயர்மெண்ட்!”

“எந்த வயசுல என்ன வரும்னு யாரு சார் கண்டா? நாலு நாள் தள்ளிப் போயிருக்கு. சந்தேகம்னா எட்டு மாசம் பொறுத்துப் பாருங்க.”

“திமிரா? உன் வேலை போயிடும், தெரியுமில்லே?”

“தெரியும் சார். எழுதிக்குங்க. பட்டாம்பூச்சி நான்தான்.”

மேனேஜர் புதுப்பொண்ணு பக்கம் திரும்பினார். “நீதானே நோட்டைக் கொண்டுவந்தே? பயப்படாம சொல்லு. இது யாரு?”

புதுப்பொண்ணு பயப்படவில்லை. மேசையிலிருந்த நோட்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்காவிடம் போய், அந்த நரைத்த கொண்டையில் பட்டாம்பூச்சி கிளிப்பை அழுத்திக் குத்தினாள்.

“என்னக்கா, உங்க கிளிப்பை என் மேசையிலேயே மறந்துட்டு வந்துட்டீங்க!”