சாரலும் கேஸ்கட்டும்

இன்ஜினை ஓடவிட்டு ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தான் மெக்கானிக் பெலிக்ஸ். தண்ணீரில் குமிழ் கொப்பளித்தது. ஆயிலும் பால் காப்பி நிறத்தில் இருந்தது.

“ஹெட் கேஸ்கட் போயிட்டு, அக்கா. ஹெட்டைக் கழத்தி லேத்துக்கு அனுப்பணும். மூணு நாளாவும்.”

“நாளைக்கே வேணும் தம்பி,” என்றாள் உமாராணி. “குத்தால சீசன்னு ரெண்டு நாளைக்கு வந்த மதுரை நாத்தனார் குடும்பம், பன்னெண்டு நாளா இங்கனயே கெடக்கு. அருவியில குளிச்சிட்டு வந்தா யானைப் பசி. சமைச்சு மாளல. இந்த வண்டி ஓடினாத்தான் எனக்கு மூச்சு வரும்.”

மனமிரங்கிய பெலிக்ஸ், லேத்துக்காரரை விரட்டி, ராத்திரியெல்லாம் வேலை பார்த்து, மறுநாள் மாலையே வண்டியை வீட்டில் கொண்டுவந்து விட்டான். வாசலில் பெட்டிகள் தயாராக இருந்தன.

“விருந்தாளியள கெளம்பச் சொல்லுங்கக்கா.”

“அவிய எங்க கெளம்புதாவ? இது எங்க வண்டி. நாங்கதான் போறோம்.” உமாராணி ஒரு சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாள். “மதுரையில அவிய வீடு சும்மாத்தான கெடக்கு.”