காற்றோடு பேசிய பேரம்

சந்தையில் வாழும் எலிகளில் இளவட்டங்கள் பாய்மரப் படகு ஓட்டப் பழகிய முதல் சனிக்கிழமையே, நடுக்கடலில் காற்று நின்றுபோனது.

"பொறுங்கடா, தானா வரும்," என்றது படகு.

அந்த எலிகளில், பேரத்தில் யாரையும் மடக்கிவிடும் மாசானத்துக்குப் பொறுமை ஏது? வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"ஏய் காத்து, கரையில சேர்க்க என்ன கேக்குற?"

"உங்களில் ஒருத்தன்," என்றது காற்று, அவன் காதோரமாக.

"பேராசை பிடிச்ச பயலே, ஆளெல்லாம் கட்டுப்படியாகாது. வேணும்னா என் பேரை வச்சுக்கோ."

காற்று மறுபேச்சில்லாமல் படிந்துவிட்டது. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

பாய் புடைத்தது. படகு கரை சேர்ந்தது.

கரையில் நின்ற அம்மா அவனைப் பார்த்து வாயைத் திறந்தாள். கூப்பிடப் பெயர் வரவில்லை.

கடலிலிருந்து ஒரு குரல், அம்மாவைவிடப் பாசமாகக் கூப்பிட்டது.

"மாசானம், வாடா."

அவன் கால்கள் தண்ணீரைப் பார்த்துத் திரும்பி நடந்தன.