திக்ரு செய்யும் பூனை

தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கடுவன் பூனை முதுகு வளைத்துக் குந்தியிருக்கிறது. கண்கள் பாதி மூடியிருக்கின்றன. முன்னால் போட்ட கீரிமீன் தலையில் எறும்பு மொய்க்கிறது. தொண்டைக்குள் இடைவிடாமல் ஒரு குர்குர். "கேட்டியா புள்ள, திக்ரு செய்யுது, அல்லாஹ்ட பேரச் சொல்லிக்கிட்டே இருக்கு!" என்கிறார் ஆதம்பாவா ஹாஜியார், சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி. யாருக்கு என்ன நோய் வருத்தமென்றாலும் எழும்பிப் பார்க்காமலே காரணம் சொல்லிவிடுகிற மனிதர் அவர். மருமகள் ஸாலிஹா மண்ணில் குந்துகிறாள். "நேத்தையிலிருந்து ஒண்ணுக்குப் போகல்ல மாமா. முக்கி முக்கிப் பாக்குது, சொட்டும் வருதில்ல. மாட்டு டொக்டருக்கிட்டக் காட்டுவம்." "பூனைக்கு டொக்டரா? ஊரு சிரிக்கும். நோவெண்டாக் கத்துமே!" அவள் அடிவயிற்றைத் தொடுகிறாள், தென்னங் குரும்பட்டி போல் இறுகியிருக்கிறது. பூனை கத்தவில்லை. நோகிற இடத்தில் விரல் பட்டதும் குர்குர்தான் கூடுகிறது. "ஸுப்ஹானல்லாஹ்" என்று ஹாஜியார் உருகுகிறார்.

டொக்டர் நாலு மணிக்குக் கந்தோரைப் பூட்டிவிடுவார். பூனையைப் பழைய சாரனில் சுற்றிக் கூடைக்குள் வைத்து, முக்காட்டை இழுத்துவிட்டு, ஸாலிஹா வெயிலில் இறங்குகிறாள். ஹாஜியாரின் விளக்கம் வேலிக் கடப்பு வரை பின்னால் வருகிறது. பிறகு கூடைக்குள்ளிருக்கும் சத்தம் மட்டுந்தான். அது நின்றால் போதும் என்றிருக்கிறது அவளுக்கு. நின்றுவிடக் கூடாதே என்றும் இருக்கிறது.