பீப்பாயும் மருத்துவச்சியும்

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் கோயில் வாசலில் பெரிய கங்காணி வீரய்யா கத்திக்கொண்டிருந்தார்.

“லயத்து வீட்டுச் சனமே பார்க்க, ஒரு ஆம்பளை வாயில வாயை வச்சிருக்கா! இனிமே இவளை யாரும் பிரசவத்துக்குக் கூப்பிடக் கூடாது. தோட்டத்தை விட்டே போயிடணும்!”

கூட்டத்தின் நடுவே நின்ற மருத்துவச்சி ராக்காயி ஆத்திரத்தோடு நிமிர்ந்தாள்.

“ஆத்துல முங்கி மூச்சே நின்னு போச்சுங்க. தார் பீப்பா மேல குப்புறப் போட்டு உருட்டுனாங்க. காலைப் பிடிச்சுத் தலைகீழாத் தூக்குனாங்க. தண்ணிதான் வந்துச்சு, மூச்சு வரலை. மூச்சில்லாமப் பொறக்குற புள்ளைக்கு ஊதுற மாதிரி ஊதினேன். அது தப்பாங்க?”

“புள்ளையும் ஆம்பளையும் ஒண்ணாடி, வெக்கங்கெட்டவளே! இன்னும் ரெண்டு தரம் உருட்டியிருந்தா மூச்சு தானா வந்திருக்கும். மலையில நாலு பேரு சிரிக்கிறான்!”

கங்காணியின் மனைவி நாகலெட்சுமி கூட்டத்திலிருந்து விருட்டென்று எழுந்தாள். அவளும் திட்டப்போகிறாள் என்று ராக்காயி தலையைக் குனிந்துகொண்டாள்.

நாகலெட்சுமி நேராகப் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

“பீப்பாயில உங்களை உருட்டுறப்பவே நான் தாலியைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டேங்க. இவ ஊதின மூச்சுலதான் இப்ப இந்தக் கத்து கத்துறீங்க. மொதல்ல அதை அவகிட்டத் திருப்பிக் குடுங்க, அப்புறம் பேசுங்க!”